தொண்ணூற்று மூன்று டிகிரி

சமவெளியில் ஆறு வருடம் பாடம் நடத்திவிட்டு, மாறுதல் கலந்தாய்வில் உதகைக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொண்டு மலையேறினேன். அங்கே அறிவியலுக்கு மூன்று பேர். நான் வேதியியல் படித்தவன், இன்னொரு சார் இயற்பியல், டீச்சர் ஒருவர் தாவரவியல். பட்டம் எதுவாக இருந்தாலும் வகுப்புக்குள் போனால் எல்லாப் பாடமும் நம் தலையில்தான். ஓம் விதி நடத்திய அதே வாரத்தில் மெண்டலின் பட்டாணிச் செடிக்கும் வருவேன். தெரியாததை ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்வேன். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை.

சேர்ந்த இரண்டாம் மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். நீரின் கொதிநிலையை அவர்களே அளந்து பார்க்கட்டும் என்று ஆசை. முக்காலி, கம்பி வலை, பீக்கர், ஸ்பிரிட் விளக்கு. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. தண்ணீர் சூடாகவே வெகுநேரம் ஆனது. பிறகு அடியிலிருந்து குமிழிகள் திரண்டு வந்து தளதளவென்று கொதித்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி தெர்மாமீட்டரைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தாள். "93 சார்" என்றாள். இன்னும் கொஞ்சம் பொறு என்றேன். ஐந்து நிமிடம் கழித்தும் 93. தண்ணீர் பாதியாக வற்றியது, அப்போதும் 93.

"தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு போல. 100ன்னு எழுதிக்கோம்மா."

இப்படித்தான் சொன்னேன். அவள் மறுபேச்சு பேசாமல் ரப்பரை எடுத்தாள். மெல்லிய காகிதம், அழித்த இடம் பஞ்சு போல எழும்பி நின்றது. அதன் மேல் 100 என்று எழுதினாள். அந்த வரி இன்றும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

மணி அடித்த பிறகு மனது கேட்கவில்லை. பெட்டியில் இருந்த மற்ற இரண்டு தெர்மாமீட்டர்களையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் 93, ஒன்றில் 92.5. ஸ்டாஃப் ரூமில் போய்ச் சொன்னபோது தாவரவியல் டீச்சர் பாட நோட்டு எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "சார், உங்க ஊர்ல பருப்பை வெறும் சட்டியில வேகவெப்பீங்களா? இங்க குக்கர் இல்லாம முடியாது சார்."

எனக்குச் சுரீரென்றது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 76 செ.மீ. பாதரசம். உதகை கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், அங்கே சுமார் 58 செ.மீ.தான். மேலே அழுத்துகிற காற்று குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக அந்தச் சூடு போதாது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்குக் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். கல்லூரியில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் நின்றுகொண்டிருந்த இடத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. என் பீக்கரில் இருந்த தண்ணீரைவிட, எட்டாம் வகுப்புப் பெண்ணின் கண்ணைவிட, புத்தகத்தில் இருந்த எண்ணை நம்பினேன்.

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக அந்தப் பெண்ணிடம், "நீ பார்த்ததுதாம்மா சரி. சார் சொன்னது தப்பு" என்றேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. குக்கரில் ஆரம்பித்து காற்றழுத்தத்துக்கு வந்தோம். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்து வீடுகளிலிருந்து வருகிறவர்கள். இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். "எங்க பாட்டி நுவரெலியாவுலயும் பருப்பு லேசுல வேகாதுன்னு சொல்லும் சார்" என்றான் ஒருவன். அதுவும் 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். நான் தேடிப் போயிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமான உதாரணம் கிடைத்திருக்காது.

அதன் பிறகு பத்தாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தால் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். குவிலென்ஸின் குவியத் தொலைவு: நாற்பது நோட்டிலும் 15.2 செ.மீ. எங்கள் பெட்டியிலோ 10, 15, 20 என்று மூன்று வகை லென்ஸ்கள் கலந்து கிடந்தன. போன வருடத்து அண்ணனின் நோட்டிலிருந்து இந்த வருடத்துத் தம்பிக்கு வந்த எண் அது. பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செய்முறைக்கு 25 மதிப்பெண், அதில் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று நாங்கள்தான் பயமுறுத்தி வைத்திருந்தோம். 100 என்று திருத்தி எழுதச் சொன்ன வாய் என்னுடையது.

மூவரும் பேசி ஒன்று முடிவு செய்தோம். செய்முறைத் தேர்வு நெருங்கும்போது மட்டும் ஆய்வகத்தைத் திறக்கிற பழக்கத்தை விட்டோம். ஜூன் மாதத்திலேயே திறந்தோம். அளவீட்டைப் பேனாவால் மட்டும் எழுத வேண்டும். ரப்பர் கூடாது. தப்பாகத் தெரிந்தால் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் திரும்ப அளந்ததை எழுதலாம். விடை விலகிப்போனால் மார்க் குறையாது, ஏன் விலகியது என்று ஒரு வரி எழுத வேண்டும். "கை நடுங்கியது", "மேகம் வந்துவிட்டது", "ஸ்கேலின் நுனி உடைந்திருக்கிறது" என்றெல்லாம் எழுதினார்கள். அந்த வரிகளைப் படிக்கிறபோது எனக்கு உண்டான சந்தோஷம் தேர்ச்சி விகிதத்தைப் பார்த்துக்கூட வந்ததில்லை. தேர்வில் கொதிநிலை கேட்டால் என்ன எழுதுவது என்ற கவலை வந்தது. "100°செ., கடல் மட்டத்தில்" என்று எழுதப் பழக்கினேன். அந்த இரண்டு சொல்லையும் விடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்வேன்.

அரையாண்டு விடுமுறைக்கு மேட்டுப்பாளையத்தில் அத்தை வீட்டுக்குப் போகிற பையன் ஒருவன் தெர்மாமீட்டர் கேட்டான். சிவப்புத் திரவம் போட்டதாகப் பார்த்து, கம்பளித் துணியில் சுற்றிக் கொடுத்தேன். ஜனவரியில் பள்ளி திறந்ததும் நேரே என் மேசைக்கு வந்தான். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தான்: "மேட்டுப்பாளையம். காலை 8 மணி. 99." கீழே இன்னொரு வரி: "குன்னூர் மாமா வீடு. 94. மாமி அடுப்பைத் தரமாட்டேன்னாங்க, கெஞ்சி வாங்கினேன்."