கைக்கண்ணாடி

மூளைக் காயப் பிரிவில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில் நோயாளிக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்று அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோல்தான் எனக்கு வேதம். கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றுக்கும் மதிப்பெண். கூடினால் 15, குறைந்தால் 3. செத்தவருக்கும் 3 உண்டு என்று சீனியர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

பைக் விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவர் சில வாரம் கழித்துக் கண் திறந்தார். பார்வை எதிலும் நிற்கவில்லை. தூங்குவார், விழிப்பார், அவ்வளவுதான். மூளைத்தண்டு பிழைத்தாலே விழிப்பு திரும்பிவிடும், உணர்வு வர மூளையின் நடுவிலுள்ள தலாமஸும் மேலடுக்கான புறணியும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று அவர் மனைவிக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவர் உள்ளே இருக்காரா, போயிட்டாரா சிஸ்டர்?" என்றார். நான் டிரிப்ஸைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டேன்.

விரிப்பு மாற்றும்போது கட்டிலின் இரு பக்கமும் நின்று, அவருக்கு மேலேயே டூட்டி அட்டவணைச் சண்டையைப் போட்டுக்கொண்டிருப்போம்.

ஒருநாள் டாக்டர் டார்ச், பேனா என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கண் அசையவில்லை. அப்புறம் ஒரு கைக்கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து, மெல்ல வலப்பக்கம் நகர்த்தினார். விழிகள் கொஞ்சம் தயங்கி, பின்னாலேயே போயின. இடப்பக்கம் போகும்போது பாதியில் விட்டுவிட்டன. திரும்பக் கொண்டுவந்ததும் பிடித்துக்கொண்டன. மற்றதற்கு மசியாத கண் தன் முகத்துக்கு மசிவதுண்டாம்.

2006-இல் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழு சோதித்த பெண்ணைப் பற்றியும் டாக்டர்தான் சொன்னார். எந்த அசைவும் காட்டாத அவரிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, ஸ்கேனில் மூளை நம்முடையதைப் போலவே இயங்கியதாம். 2024-இல் வந்த ஆய்வில், சொன்னதற்கு உடலால் பதில் தராத 241 பேரில் 60 பேரின் மூளை பதில் தந்திருக்கிறது.

"அப்போ உயிர் தனி, மூளை தனிதானே?" என்றார் மனைவி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த டென்னிஸ் நடந்ததே மூளைக்குள்தான். தவிர, புரோபோஃபால் என்ற மயக்க மருந்து சில மில்லி ஏறியதும் பேச்சு பாதி வார்த்தையில் அறுந்துபோவதைத் தினமும் பார்க்கிறவள் நான். உடம்பு காட்டிக்கொடுக்காத மனம் இருக்கலாம். மூளையில்லாமல் ஒன்று இருப்பதை நான் கண்டதில்லை. அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. கண்ணாடியைக் கையில் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன்.

இப்போது விரிப்பு மாற்றும் முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "வலப்பக்கம் திருப்பப் போறோம்" என்கிறேன். டூட்டிச் சண்டையெல்லாம் வராந்தாவில்.