பிலிம்சாலும் கப்பல் விலாவின் கோடும்

ஜூன் 3
1898இல் இதே நாளில்தான் சாமுவேல் பிலிம்சால் இறந்தார். கப்பல் வேலைக்கு வந்த எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும். ஆனால் அவர் மாலுமி அல்ல, பிரிஸ்டலில் பிறந்த நிலக்கரி வியாபாரி. 1850களில் தொழில் நொடித்து, லண்டனில் மலிவான பொது விடுதியில் கூலிக்காரர்களோடு கிடந்தார். மீண்டு வந்து, 1868இல் டெர்பி தொகுதியின் எம்.பி. ஆனார்.

ஜூன் 5
லோடிங் நடக்கிறது. டிராஃப்ட், அதாவது கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று பார்க்க, பயிற்சிக்கு வந்திருக்கும் கேடட் தம்பியோடு இறங்கினேன். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே வட்டம், நடுவில் குறுக்குக்கோடு, பக்கத்தில் ஏணிப்படி போலச் சின்னக் கோடுகள். இதுதான் பிலிம்சால் கோடு: இது தண்ணீருக்குள் அமிழும் அளவுக்குச் சரக்கேற்றக் கூடாது.

"எதுக்கு சார் இத்தனை கோடு?"

குளிர்கால வட அட்லாண்டிக்கில் கப்பல் உயர்ந்து மிதக்க வேண்டும், அதனால் அந்தக் கோடு எல்லாவற்றுக்கும் கீழே. நன்னீரில் கப்பல் கூடுதலாக அமிழும், அதனால் அந்தக் கோடு மேலே. சொன்னதும் பையன் குனிந்து இன்னொரு முறை பார்த்தான்.

ஜூன் 8
அந்தக் காலத்தில் ஓட்டைக் கப்பலை வாங்கி, அளவுக்கு மீறி இன்சூரன்ஸ் செய்து, கழுத்துவரை சரக்கேற்றி அனுப்புவார்கள். மூழ்கினாலும் முதலாளிக்கு நஷ்டமில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு ஏற மறுத்த மாலுமிக்கோ சிறை! நியூகாசிலில் ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் முதலாளியே பிலிம்சாலுக்கு முன்பு இதை எதிர்த்துப் பேசினார். அவரையும் நாம் மறக்கக் கூடாது.

1873இல் பிலிம்சால் புத்தகம் போட்டார், அவதூறு வழக்குகள் வந்தன. 1875 ஜூலை 22 அன்று பிரதமர் டிஸ்ரேலி கப்பல் பாதுகாப்பு மசோதாவைக் கைவிடுவதாக அறிவித்ததும் பிலிம்சால் கொதித்துவிட்டார். மாலுமிகளைச் சாக அனுப்புகிறவர்களை அயோக்கியர்கள் என்று சபையிலேயே கத்தினார், முஷ்டியை ஆட்டினார். சபாநாயகர் சொல்லியும் வார்த்தையைத் திரும்பப் பெறவில்லை. ஒரு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்டார், நடந்துகொண்ட விதத்துக்கு மட்டும். குற்றச்சாட்டு அப்படியே நின்றது. ஊரே அவர் பக்கம் திரும்பியதும் அரசு அவசரமாகத் தற்காலிகச் சட்டம் போட்டது. அந்தக் கோபம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். சபை மரியாதையைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் மசோதா செத்திருக்கும்.

ஜூன் 9
1876 சட்டம் கோட்டைக் கட்டாயமாக்கியது. சரி, எங்கே போடுவது? அதை முதலாளியின் இஷ்டத்துக்கே விட்டுவிட்டார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. கோட்டின் இடத்தைச் சட்டம் நிர்ணயித்தது 1890இல்தான்.

அதற்குள் பிலிம்சால் பதவியில் இல்லை. 1880இல், உள்துறை அமைச்சராகி இடைத்தேர்தலில் தோற்ற ஹார்கோர்ட்டுக்குத் தன் டெர்பி இடத்தை விட்டுக்கொடுத்தார், அமைச்சர் கையால் மாலுமிகளுக்கு அதிக நன்மை நடக்கும் என்று நம்பி. ஆனாலும் ஓயவில்லை. மாலுமிகள் சங்கத்தின் தலைவரானார். 1890இல், கால்நடைகளை அடைத்து அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பல்களின் கொடுமையைப் பற்றி இன்னொரு புத்தகமும் எழுதினார்.