பின் கதவு ஏணி: ஆறு துளைகளும் ஒரு ரிவ்நட்டும்

மூன்றாவது தடவையாகக் குழாயைப் பிடித்துக் கால் மணி நேரம் கதவு மேல் தண்ணீர் அடித்தேன். பிறகு உள்பக்கம் போய், ஒவ்வொரு போல்ட்டுக்கும் கீழே ஒட்டி வைத்திருந்த டிஷ்யூ காகிதத்தை டார்ச் வெளிச்சத்தில் தொட்டுப் பார்த்தேன். ஆறும் காய்ந்தே இருந்தன. வேனின் பின் கதவில் ஏணி மாட்டுவதற்கு இரண்டு வார இறுதிகளைத் தின்ற வேலை இது. மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

வேன் உயரக் கூரை வகை, பின் கதவுகளில் கண்ணாடி கிடையாது. ஏணி அலுமினியம், மூன்று ஜோடி பிராக்கெட். கூரையில் இருக்கும் சோலார் பேனலைத் துடைக்க ஒவ்வொரு முறையும் மடக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைந்தது போதும் என்றுதான் இதில் இறங்கினேன். தினமும் முதலில் திறக்கும் கதவை விட்டுவிட்டு இரண்டாவது கதவில் மாட்டினேன். சாமான் எடுக்கத் திறக்கும் கதவு லேசாகவே இருக்கட்டும். 270 டிகிரி திரும்பும் கீல் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏணி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தக் கதவு இனி பக்கச் சுவரோடு ஒட்டிப் படுக்காது, அதற்கு முன்பே ஏணி போய் இடித்துவிடும். எங்கே இடிக்கிறது என்பதை அட்டைப் பெட்டி வெட்டி ஒட்டிப் பார்த்து, அந்த இடத்தில் தடித்த ரப்பர் தடுப்பு ஒன்று வைத்தேன்.

குறி போட்டது ஒரு மதியம் முழுக்க. மாஸ்கிங் டேப் ஒட்டி, தம்பியை ஏணியைப் பிடிக்கச் சொல்லி, தள்ளி நின்று பார்த்தேன். ரசமட்டம் சரி என்றது, கண் ஒப்பவில்லை. வேன் நின்ற தரையே ஒரு பக்கம் சாய்வு என்று பிறகுதான் புரிந்தது. "அண்ணே, கதவோட ஓரத்தை வெச்சு அளந்து பாரு" என்றான் தம்பி. அதுதான் சரி. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் ஓடும் இடைவெளிக் கோட்டிலிருந்து மேலேயும் கீழேயும் ஒரே அளவு எடுத்தால் போதும். பார்க்கிறவர் கண்ணும் அந்தக் கோட்டைத்தான் பிடித்துக்கொள்ளும்.

இனி ரிவ்நட். பின்பக்கம் கை போகாத தகட்டில், முன்பக்கமிருந்தே துளையில் செருகி அமுக்கினால் உள்ளே உப்பிப் பிடித்துக்கொள்ளும் மரை உள்ள நட். உண்மையில் இந்தப் பதிவே இதற்காகத்தான்.

மேல் ஜோடிக்கு ரிவ்நட் போடவில்லை. ஏணியில் ஏறும்போது உடம்பு பின்னால் சாய்கிறது. கீழ் பிராக்கெட் கதவை உள்ளே அழுத்தும், மேல் பிராக்கெட் வெளியே இழுக்கும். முக்கால் மில்லி மீட்டர் தகட்டில் அந்த இழுவையை வெறும் ரிவ்நட்டிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. உள் பேனலைக் கழற்றினால் மேலே கை நுழையும் அளவுக்குச் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது. அதனால் அங்கே எம்8 (8 மில்லி மீட்டர் மரை) போல்ட், பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு 3 மில்லி மீட்டர் ஸ்டெயின்லெஸ் தகடு, நைலாக் நட் (தளராமல் பிடிக்க நைலான் வளையம் உள்ளது). தகட்டின் நான்கு மூலைகளையும் அரத்தால் உருட்டிவிட்டேன். கூர் மூலை இருந்தால் கதவுத் தகட்டில் உள்ளிருந்து அழுந்தி, வெளியே சின்னப் பரு போலத் தெரியும்.

நடு ஜோடிக்கும் கீழ் ஜோடிக்கும் பின்னால் மூடிய சட்டம், கை போகாது. ஆக நான்கு எம்6 ஸ்டீல் ரிவ்நட். இதற்கு 9 மில்லி மீட்டர் துளை, துல்லியமாக 9. என் ஸ்டெப் பிட்டில் (படிப்படியாக அகலமாகும் கூம்பு வடிவ பிட்) 8க்கு அடுத்த படி 10. வலப்பக்க நடுத் துளையில்தான் ஆரம்பித்தேன். 8 வரை ஸ்டெப் பிட்டில் திறந்துவிட்டு, சாதாரண 9 பிட்டைக் கையில் பிடித்து அகலப்படுத்தினேன். மெல்லிய தகட்டில் சாதாரண பிட் வட்டமாக வெட்டாது. கடைசி நொடியில் கொக்கி போலப் பிடித்து இழுக்கும், துளை மூன்று மூலையாக வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் ரிவ்நட்டுக்கு அது போதும். ரிவ்நட்டை அமுக்கியபோது நன்றாக உட்கார்ந்த மாதிரியே இருந்தது. பிராக்கெட் வைத்து போல்ட்டை இறுக்கும்போது ஸ்பேனரில் திடீரென்று கனம் போய்விட்டது. போல்ட்டோடு சேர்ந்து ரிவ்நட்டும் சுற்றுகிறது. இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது.

கழற்றிய விதத்தை விவரமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பிராக்கெட்டுக்கும் கதவுக்கும் இடையில் இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் ஆப்புகளைச் செருகி, பிராக்கெட்டை வெளிப்பக்கம் நெம்பிப் பிடித்துக்கொண்டேன். அப்போது ரிவ்நட்டின் உப்பிய பகுதி தகட்டின் பின்பக்கத்தில் அழுந்தி, கொஞ்சம் பிடிப்பு கிடைக்கும். அந்தப் பிடிப்பில் போல்ட்டைக் கால் சுற்று, கால் சுற்றாக விட்டு விட்டுத் திருப்பினேன். போல்ட் வந்துவிட்டது. அடுத்து ரிவ்நட்டின் விளிம்பு. சுற்றிலும் இரண்டு அடுக்கு டேப் ஒட்டி, விளிம்பின் எதிரெதிர்ப் பக்கங்களை அரத்தால் தட்டையாக்கினேன். அதைக் கூர்மூக்குப் பிளையரால் பிடித்துக்கொண்டு, 9 பிட்டை மெதுவாக ஓட்டினேன். விளிம்பு மோதிரம் போலக் கழன்று வந்தது. மீதி உடல் உள்ளே விழுந்தது. அதைக் கயிற்றில் கட்டிய காந்தத்தால் கீழே இருந்து எடுத்தேன். அலுமினிய ரிவ்நட்டாக இருந்தால் அது உள்ளேயே கிடந்து ஒவ்வொரு குலுங்கலுக்கும் சத்தம் போட்டிருக்கும். ஸ்டீல் வாங்கியதற்கு இன்னொரு பலன்.

கெட்டுப்போன துளைக்கு வைத்தியம் எளிது: ஒரு அளவு மேலே போவது. எம்8 ரிவ்நட்டுக்கு 11 மில்லி மீட்டர் வேண்டும். ஒவ்வொரு மில்லி மீட்டருக்கும் படி உள்ள புதிய ஸ்டெப் பிட் வாங்கினேன். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டிய சாமான். வெண்ணெயை வெட்டுவது போல இறங்கியது, துளையும் கச்சிதமான வட்டம். பிராக்கெட் துளையை மட்டும் அதற்கேற்ப 8.5க்குப் பெரிதாக்கினேன். மற்ற மூன்றையும் இதே பிட்டில் 9க்குத் திறந்தேன். மூன்றும் கல் மாதிரி நிற்கின்றன.

இன்னொன்று, கதவில் கை வைப்பதற்கு முன் அதே தடிமன் உள்ள வேஸ்ட் தகட்டில் நான்கைந்து ரிவ்நட் போட்டுப் பழகுங்கள். பிளையர் மாதிரி இருக்கும் சின்னக் கருவி எம்6 ஸ்டீலுக்கு மல்லுக்கட்டும். நீளக் கை உள்ள கருவியில் அமுக்கினால், முதலில் மெத்தென்று போய், பிறகு சட்டென்று கெட்டியாகும். அந்தக் கெட்டியில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு அமுக்கு அமுக்கினாலும் மரை போய்விடும். நான் வேஸ்ட் தகட்டில் இரண்டைக் கொன்ற பிறகுதான் கைக்கு அந்த இடம் பிடிபட்டது.

துளை போட்டதும் பிசிறு எடுத்து, ஓரத்தில் ஜிங்க் ப்ரைமரை மெல்லிய தூரிகையால் தடவி, காய்ந்ததும் பெயின்ட். அப்புறம் துளையிடும்போது உதிரும் இரும்புச் சீவல். பிட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் பாதி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். மீதியைக் காந்தத்தாலும் வாக்குவம் கிளீனராலும் எடுத்தேன். அப்படியும் பம்பர் மேல் விட்டுப்போன நாலைந்து சீவல், ஒரே இரவுப் பனியில் பழுப்புப் புள்ளிகளாகிவிட்டன. தேய்த்ததில் போய்விட்டது. கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளையும் ஒரு கம்பி விட்டுப் பாருங்கள். சீவலும் சீலன்டும் சேர்ந்து அங்கே அடைத்தால், கதவு உள்ளிருந்தே அழுகும்.

ஏணி விற்றவரைப் பற்றிக் கொஞ்சம். வெல்டிங் அருமை, படிகளில் நல்ல சொரசொரப்பு. ஆனால் கூட வந்த பொட்டலத்தில் இருந்தவை ஜிங்க் பூச்சு போல்ட்டுகள், தபால் உறை தடிமனுக்கு ஒரு பஞ்சு கேஸ்கெட். வெளியே மழையில் நிற்கும் சாமானுக்கு இப்படிக் கொடுப்பது எனக்குக் கோபம்தான். எல்லா போல்ட்டையும் துருவை நன்றாகத் தாங்கும் ஏ4 ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாற்றினேன். ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் ஈரத்தில் நேரடியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். அதனால் நடுவில் நைலான் வாஷர், மரைக்கு ஆன்டி-சீஸ் (மரை சிக்கிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பசை). ஆன்டி-சீஸ் தடவினால் மரை வழுக்கும், வழக்கமான டார்க் (முறுக்கு விசை) வைத்தால் அதிகமாக இறுகிவிடும். நான் எம்6ஐ 5 நியூட்டன் மீட்டரில் நிறுத்தினேன்.

முதல் தண்ணீர்ச் சோதனை அந்தப் பஞ்சு கேஸ்கெட்டோடுதான். மேல் இடது போல்ட்டிலிருந்து தகட்டின் வழியே ஒரு கோடு இறங்கியிருந்தது. இரண்டாவது தடவை பாலியூரித்தேன் சீலன்ட். அவசரத்தில் மறுநாளே தண்ணீர் அடித்தேன். காற்றின் ஈரத்தில் ஒரு நாளைக்கு 3 மில்லி மீட்டர் ஆழம்தான் அது இறுகும். தடித்த இடத்தில் இன்னும் பசையாகவே இருந்து, அதே போல்ட்டில் மறுபடி கசிந்தது. மூன்றாவது தடவை மேல் ஜோடியைக் கழற்றிச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பூட்டைல் டேப்பை (பிசைந்த மாவு போல ஒட்டும் ரப்பர் டேப்) திரித்துப் போல்ட்டின் கழுத்தில் கூம்பாகச் சுற்றினேன். இறுக்க இறுக்க அது துளைக்குள் தானாகவே இறங்கி, ஓரத்தில் கறுப்பாகப் பிதுங்கும். இரண்டு நாள் கழித்து மறுபடி கொஞ்சம் இறுக்கி, பிதுங்கியதைப் பிளாஸ்டிக் துண்டால் சீவி எடுத்தேன். சிலிக்கோன் மட்டும் வேண்டாம். அதன் மேல் பெயின்ட் ஒட்டாது, பின்னால் ஏதாவது சரிசெய்ய வேண்டுமானால் அந்த இடத்தைச் சுத்தம் செய்வதே பெரும்பாடு.

ரிவ்நட்டின் விளிம்பு தகட்டைவிட ஒரு மில்லி மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கும். அதனால் பிராக்கெட்டுக்கு அடியில் வைக்கும் இபிடிஎம் ரப்பரில் விளிம்பு உட்காரும் அளவுக்கு வட்டமாக வெட்டினேன். பிராக்கெட் விளிம்பில் உலோகத்தோடு உலோகமாக உட்கார வேண்டும், ரப்பர் சுற்றிலும் தண்ணீரைத் தடுத்தால் போதும். ரப்பர் மேலேயே பிராக்கெட் நின்றால், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் போல்ட் தளரும்.

தம்பி ஏறினான், நான் கதவின் மேல் பாதியில் இரும்பு ஸ்கேலைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேலுக்கும் தகட்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரியவில்லை. மேல் படியில் நின்று உடம்பைப் பின்னால் சாய்க்கச் சொன்னேன், அப்போதும் இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

அடுத்து கூரையில் ஏறியதும் கால் வைக்க ஒரு பலகைப் பாதை. பேனலுக்கும் ஏணிக்கும் நடுவில் வெறும் தகடுதான் இருக்கிறது, அதில் மிதித்தால் குழியும். கீழ் மூன்று படிகளை மூடிப் பூட்டும் பலகையும் வேண்டும், ஏணி இருந்தால் யார் வேண்டுமானாலும் கூரைக்கு ஏறலாம் அல்லவா. ஆனால் அதற்கு முன் உள் பேனலை இன்னும் மாட்டவில்லை. புதிய துளைகளைச் சுற்றி உள்ளே துரு பிடிக்காமல் இருக்கக் கேவிட்டி வேக்ஸ் என்ற மெழுகை அடித்துவிட்டுத்தான் மூட வேண்டும். ஏணியின் எடையில் கதவு இறங்கியிருக்கிறதா என்று பார்க்கப் பூட்டு நாக்கில் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். இதுவரை உரசிய தடம் இல்லை. ஒரு மாதம் ஓட்டிவிட்டு மறுபடி பார்ப்பேன்.