ஸ்பான்சர் பிள்ளைகளின் வருஷப் போட்டோ: ரெண்டாம் தடவை திம்பம் ஏறாமல் இருக்க

பிள்ளைகளுக்கு உதவும் வெளிநாட்டு ஸ்பான்சர்களுக்கு அனுப்ப வருஷா வருஷம் எடுக்கும் படம் இது. தாளவாடி மலையில் எடுத்தது 140 படம். படங்களைச் சரிபார்க்கும் ஸ்பான்சர் ஆபீஸிலிருந்து மூன்று தடவை திரும்பி வந்தது. முதல் ரெண்டு தடவை வீட்டில் உட்கார்ந்தே சரிசெய்துவிட்டோம். மூன்றாவது தடவை வந்த 38-க்குக் குழந்தையைத்தான் மறுபடி எடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. மறுபடி பண்ணாரி செக்போஸ்ட், மறுபடி 27 கொண்டை ஊசி வளைவு. திம்பம் பாதையில் ராத்திரிப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால் பொழுதோடு இறங்கியாக வேண்டும். அங்கே கையில் கிடைப்பது அஞ்சு மணி நேரம்தான். அதனால் எங்கெங்கே கோட்டை விட்டோம் என்பதை மட்டும் எழுதுகிறேன். கேமரா பிடிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இது.

முதல் தடவை 140-ம் மொத்தமாக வந்தது, "தெளிவு போதாது" என்று. காரணம் வாட்ஸப். சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது நீளப்பக்கத்தை ஏறக்குறைய 1600 பிக்சலுக்கு இறக்கிவிடும். ஆபீஸ் கேட்டது 2000. போதாததுக்கு ஃபைல் பெயரையும் மாற்றி, எல்லாவற்றுக்கும் தன் சொந்த நம்பரைப் போட்டுவிடும். சரி என்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினோம். அசல் அப்படியே போனது, கூடவே ஜிபிஎஸ் இடக்குறிப்பும் போனது! சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸப் அதைக் கழற்றிவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்பினால் கழற்றாது. குழந்தை எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்பது வரைபடத்தில் புள்ளி வைத்த மாதிரித் தெரியும். அடுத்த நாளே 140-ம் திரும்பி வந்தது. ஆபீஸ் செய்தது சரிதான். ஆனால் அனுப்பும் முறையை முதலிலேயே சொல்லியிருந்தால் ரெண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

எடுப்பதற்கு முன்பே போன் கேமரா செட்டிங்கில் லொக்கேஷனை அணைத்துவிடுங்கள். மறந்துவிட்டால் விண்டோஸில் படங்களை மொத்தமாகத் தேர்ந்து, வலது கிளிக், பிராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ். அடியில் தனிப்பட்ட விவரங்களை நீக்கும் வரி இருக்கும். நூற்றுக்கணக்கில் என்றால் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள். எதில் செய்தாலும் நகலில் செய்யுங்கள், எடுத்த தேதி அசலில் இருக்கட்டும். அப்படியே பியூட்டி ஃபில்டரையும் அணைக்க வேண்டும். சில போன்களில் அது கேட்காமலே ஓடி, கருப்பான பிள்ளையை மாவு பூசின மாதிரி ஆக்கிவிடும். போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம், ரெட்டை ஜடையில் பாதியைக் காணாமல் அடித்துவிடும். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஃபார்மட்டை ஜேபெக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 38. அதில் 21 ஆள் மாறாட்டம். இதுதான் வயிற்றெரிச்சல்.

பட்டியல் வரிசையில் கூப்பிட்டு, வரிசையாக எடுத்தால் படமும் வரிசையாக வந்துவிடும் என்று நம்பினோம். 57-ம் எண் பிள்ளை தண்ணீர் குடிக்கப் போய்விட்டு ரெண்டு பேர் தள்ளி வந்தது. நடுவில் கேமரா பேட்டரி தீர, ஒருத்தர் தன் போனில் எடுத்தார். புது பேட்டரி போட்டபோது கேமராவின் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிப்போனதை யாரும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் நேரப்படி அடுக்கினால் போன் படங்கள் ஒரு மூலையில், கேமரா படங்கள் இன்னொரு மூலையில். அக்கா தங்கச்சி ரெண்டு பேர், ஒரே ஜாடை, ஒரே ஜடை, ஒரே இனிஷியல். போன வருஷப் படத்தை வைத்துப் பார்த்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஊகித்துப் போட்டால் அடுத்த வருஷம் இன்னும் சிக்கல்.

இதற்கு மருந்து ஒரு சிலேட்டும் சாக்பீஸும். பிள்ளை வந்து உட்காரும் முன் நாற்காலியில் எண் எழுதின சிலேட்டை வைத்து ஒரு படம், பிறகு பிள்ளையை அஞ்சு படம், அடுத்த சிலேட். பிறகு எத்தனை கேமரா கலந்தாலும் குழப்பம் வராது. சிலேட்டைப் பிள்ளை கையில் பிடிக்கச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எனக்கு அது பிடிக்காது, போலீஸ் ஸ்டேஷன் போட்டோ மாதிரி இருக்கும். நாற்காலியே போதும். ஆரம்பிக்கும் முன் எல்லாக் கேமராவிலும் ஒரே கைக்கடிகாரத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள். நேரம் பிசகினால் எவ்வளவு பிசகியது என்று அதில் தெரிந்துவிடும்.

ஃபைல் பெயரில் பிள்ளையின் பெயர், ஊர் பெயர் எதுவும் வேண்டாம். எண், வருஷம், மாதம் போதும். எண்ணை 0047 என்று நாலு இலக்கமாக எழுதுங்கள், இல்லாவிட்டால் 100 வந்து 47-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். எக்ஸலில் அந்தப் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டுத்தான் எண்ணை அடிக்க வேண்டும். எக்ஸல் முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிடும்.

அடுத்த 11 படத்தில் பின்னணி. பள்ளிக்கூடப் பெயர்ப்பலகை, ஊர் பெயரோடு ரேஷன் கடைச் சுவர், கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு. ஒன்றில் கட்சிச் சின்னம். எடுக்கும்போது கண் முகத்தில் இருக்கும், சுவரில் இருக்காது. கூட வருகிறவர் ஒருத்தருக்குப் பின்னணியைப் பார்ப்பது மட்டுமே வேலை என்று ஒப்படைத்துவிடுங்கள்.

மிச்சம் 6 சட்டை. நம்ம பக்கம் திருப்பூர் எக்ஸ்போர்ட் மிச்சத் துணி வராத வீடு இல்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று போட்டிருப்பவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. ஏழு வயசுப் பையன் நெஞ்சில் பெரிய பீர் விளம்பரம். "அம்மிச்சி, வேற சட்டை இருக்குங்களா?" என்று கேட்டால், "இதுதானுங் சார் புதுசு, அவங்கப்பன் திருப்பூர்ல இருந்து கொண்டாந்தது" என்கிறார். அதற்குமேல் என்ன பேசுவது? முந்தின நாள் சாயங்காலம் போன் பண்ணும்போதே "எழுத்து இல்லாத சட்டை போட்டு விடுங்க" என்று சொல்ல வேண்டும். கடைசிக் கையாக ரெண்டு அளவில் வெறும் கலர் சட்டை பையில் இருக்கட்டும்.

மொட்டைக்குத் திருப்பி அனுப்பவில்லை, ஆனால் விளக்கம் கேட்டார்கள். பழனிக்கோ பண்ணாரிக்கோ நேர்ந்துகொண்டு முடி இறக்கியிருப்பார்கள். வெளிநாட்டில் பார்க்கிறவர் சீக்கு என்று நினைத்து வெசனப்படுவார். படத்தோடு 'கோயில் வேண்டுதல்' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

வெளிச்சம்: காலை எட்டிலிருந்து பத்துக்குள், திண்ணை நிழலின் விளிம்பிலிருந்து ரெண்டடி உள்ளே, முகம் வெளியே பார்க்க. நீலத் தார்ப்பாய்ப் பந்தலுக்கு அடியில் மட்டும் எடுக்காதீர்கள், முகம் நீலமாகிவிடும். பக்கவாட்டில் வெயிலும் கலந்து விழுவதால் பிறகு எந்த மென்பொருளிலும் முழுசாகச் சரியாகாது. மண்டி போட்டு, பிள்ளையின் கண் உயரத்துக்குக் கேமராவை இறக்குங்கள். போன் என்றால் ரெண்டு மடங்கு ஜூம் வைத்துத் தள்ளி நில்லுங்கள், பக்கத்தில் போனால் மூக்கு பெருத்துவிடும். அங்கே பாதிப் பிள்ளைகள் கன்னடம் பேசுவார்கள். "சிரி கண்ணு" என்றால் முழிக்கும், "நகு" என்றால் சிரிக்கும். நம் பழந்தமிழ்ச் சொல்தான்.

சம்மதப் படிவம். 2023-ம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது முடியாதவர் எல்லாரும் குழந்தை. பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். பாட்டி கைநாட்டை வாங்கி வந்து அதையும் மறுபடி வாங்க வேண்டியதாயிற்று. அப்பா அம்மா பனியன் கம்பெனியில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைதான் கையில் கிடைப்பார்கள். முதல் தடவை புதன்கிழமை போனது எங்கள் மடத்தனம். காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகள் என்றால் 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ம் பிரிவைப் படித்துவிட்டு எடுங்கள், அடையாளம் வெளியே வரக்கூடாது.

எடுத்து முடித்ததும் போனில் கூகுள் போட்டோஸ் பேக்கப் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்களில் ஒருத்தர் போனில் அது ஓடி, பிள்ளைகள் எல்லாம் அவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அழித்தாலும் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், அதையும் காலி பண்ண வேண்டும். ரெண்டு ஹார்ட் டிஸ்க், ரெண்டுக்கும் பாஸ்வேர்டு, ரெண்டும் வேறு வேறு கட்டடத்தில்.

ரெண்டாம் பயணத்தில் ஒன்றரை மணி நேரத்தில் 37 முடிந்தது. எல்லாம் சிலேட்டின் தயவு. ஒரு பிள்ளை மட்டும் சாம்ராஜ்நகர் ஒறம்பரை வீட்டுக்குப் போய்விட்டது, பள்ளிக்கூடம் திறந்தால்தான் வருமாம். 0092-க்கு நேராக 'படம் பிறகு வரும்' என்று எழுதி அனுப்பியிருக்கிறோம்.