வெல்லம் கடைசியில்தான்: ஏர் ஃப்ரையரில் இனிப்புக் காரச் சோளம்

கடலூர்க்காரர்களுக்குச் சோளம் என்றாலே சில்வர் பீச்தான். கரி அடுப்பில் விசிறி விசிறிச் சுட்டு, அரை மூடி எலுமிச்சம்பழத்தை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டுக் கருது முழுக்கத் தேய்த்துத் தருவார்கள், முதல் கடியில் உதடு எரியும், அதற்கடுத்த நொடியே சோளத்தின் தித்திப்பு வரும். அந்த ருசியை வீட்டு ஏர் ஃப்ரையரில், அதாவது சூடான காற்றைச் சுழற்றி மொறுமொறுப்பாக்குகிற அடுப்பில், கொண்டுவரத்தான் இவ்வளவு பாடும்.

சோளம் வாங்கும்போதே கவனமாக இருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் வேப்பூர், திட்டக்குடிப் பக்கம் விளைகிற மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போவது, அது இதற்குச் சரிப்படாது. ஸ்வீட் கார்ன்தான் வேண்டும், அதுவும் தோல் பச்சையாக, நகத்தால் கீறினால் பால் வருகிற கருதாக. பறித்த நேரத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவாக மாறிக்கொண்டே இருக்கும், அதனால் வாங்கிய அன்றே செய்துவிடுங்கள்.

இரண்டு கருதை உதிர்த்து, கொதிக்கிற தண்ணீரில் மூன்று நிமிடம் போட்டு வடித்து, பழைய வேட்டித் துணியில் பரப்பி வைத்தேன். நீர் சொட்டுச் சொட்டாக நிற்கக்கூடாது, ஆனால் மாவு ஒட்டுகிற அளவுக்கு லேசான ஈரம் இருக்க வேண்டும். அப்புறம் இரண்டு ஸ்பூன் அரிசி மாவு, ஒரு ஸ்பூன் சோள மாவு, உப்பு, அரை ஸ்பூன் மிளகாய்த்தூள் போட்டுப் பிசறி, இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் கலந்தேன். இந்த மாவுப் பூச்சு சரியாக இல்லையென்றால், முத்துக்குள் இருக்கிற தண்ணீர் ஆவியாகித் தோலைக் கிழித்துக்கொண்டு வெடிக்கும். ஏர் ஃப்ரையர் கூடையில் ஒரே அடுக்காகப் பரப்பி 200 டிகிரியில் பதினாலு நிமிடம், நடுவில் மூன்று முறை குலுக்கிவிட வேண்டும். குலுக்கும்போது சத்தத்தைக் கேளுங்கள். முதலில் மெத்தென்று விழும், வெந்துவிட்டால் கலகலவென்று கூழாங்கல் மாதிரி ஒலிக்கும், எனக்கு நிமிடக் கணக்கைவிட அந்தச் சத்தத்தின் மேல்தான் நம்பிக்கை.

போன மாதம் வெல்லத்தையும் மாவோடு சேர்த்தே கலந்துவிட்டேன், எட்டாவது நிமிடத்திலேயே கருகி வீடெல்லாம் கசந்த வாடை, கூடையை ஒரு ராத்திரி ஊறவைத்துத்தான் தேய்க்க முடிந்தது. அவ்வளவு சூட்டை வெல்லம் தாங்காது. இந்த முறை சோளம் மொறுமொறுப்பானதும், ஒரு ஸ்பூன் வெல்லத்தை ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, நுரைத்துக் கெட்டியாகும்வரை காய்ச்சி, கால் ஸ்பூன் மிளகாய்த்தூள் சேர்த்துச் சோளத்தின் மேல் ஊற்றிப் புரட்டினேன். மறுபடி 160 டிகிரியில் இரண்டே நிமிடம். முத்து ஒவ்வொன்றும் செம்மண் நிறத்தில் பளபளவென்று வந்தது!

கறிவேப்பிலையை மட்டும் உள்ளே போடாதீர்கள், காற்று தூக்கிக்கொண்டு போய் மேலே இருக்கிற கம்பிச்சுருளில் ஒட்டவைத்துவிடும். தனியாக வாணலியில் பொரித்துத் தூவினால் போதும்.

ஆறினால் வெல்லம் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும், சூடாகவே சாப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் ஆறுவதற்கு வழியே இல்லை. பையன் கிண்ணத்தோடு மாடிக்குப் போய்விட்டான், அத்தை ஒரு பிடி வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு, "இன்னும் அரை மூடி எலுமிச்சை பிழிம்மா, அப்பதான் பீச்சு சோளம் மாதிரி இருக்கும்" என்றார். பிழிந்தேன், அப்படியேதான் இருந்தது.