படுதோ அம்மா?

"டொக்டர் வந்திருக்கிறா, காலைக் காட்டுங்கோ" என்று ஊர்க் கிளினிக்கில் வேலை செய்யும் என் சிநேகிதி ஒரு நோயாளி அம்மாவிடம் என்னைக் காட்டிச் சொன்னபோது நான் சும்மா நின்றேன். திருத்த இரண்டு விநாடி இருந்தது. அதற்குள் அம்மா காலை நீட்டிவிட்டார். இரண்டு விநாடி என்று இப்போது எழுதுகிறேன். அதன் பிறகும் இருபது நிமிடம் அவரோடுதான் இருந்தேன்.

நான் தாதி. யாழ்ப்பாணத்தில் பயிற்சி முடித்து, வன்னியில் வேலை செய்து, பிறகு அமெரிக்கா போய் நேர்ஸ் பிரக்டிஷனர் ஆனவள். பதினாறு வருடமாக அங்கே நோயைக் கணித்து மருந்தும் எழுதுகிறேன். ஊரில் இதை விளங்கப்படுத்தப் பார்த்துக் களைத்துவிட்டேன். "தாதி மருந்து எழுதுறதோ?" என்று பெரியம்மா இன்னமும் சிரிக்கிறார். போதாக்குறைக்கு இந்த வயதில் டி.என்.பி., அதாவது தாதியத்தில் நடைமுறைக் கலாநிதிப் பட்டம். பிஎச்.டி. போலப் புதிதாகக் கண்டுபிடிக்கிற படிப்பில்லை. கண்டுபிடித்து வைத்திருப்பதைக் கிளினிக்கில் நடக்க வைக்கிற படிப்பு. நடைமுறைப் பயிற்சிக்கும் மணித்தியாலக் கணக்கு உண்டு. எனக்கு இது கட்டாயமுமில்லை. 2015க்குள் என்னுடையது போன்ற வேலைக்கு இதையே நுழைவுத் தகுதியாக்க வேண்டும் என்று அமெரிக்கத் தாதியர் கல்லூரிகளின் சங்கம் 2004இல் தீர்மானித்தது. 2015 வந்து போய்விட்டது, இன்றைக்கும் முதுமாணியோடு வேலை செய்யலாம். பிறகு ஏன் படிக்கிறாய் என்று கேட்டால் என்னிடம் மூன்று பதில் உண்டு. ஆளைப் பார்த்து ஒன்றைச் சொல்வேன்.

என் செயற்திட்டம் நீரிழிவுக்காரரின் பாதப் பரிசோதனை. லீவில் வந்தபோதும் கைப்பையில் அந்த நைலோன் இழை கிடந்தது அதனால்தான். பாதத்தில் வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும். கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் படுகிறதா என்று கேட்க வேண்டும். நீரிழிவால் காலில் உணர்வு மங்கியிருக்கிறதா என்று பார்க்கிற சோதனை.

அம்மாவுக்கு இருந்தது ஒரு கால். மற்றது 2009இல் போய், முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். மிஞ்சிய காலில், பெருவிரலின் அடியில், ஒரு நெல்மணி பாதி உள்ளே இறங்கியிருந்தது. சுற்றிவரச் சிவந்திருந்தது. எப்போது குத்தியது என்று அவருக்குத் தெரியாது. நெல் காயப்போட்ட இடத்தால் நடந்தாராம்.

"படுதோ அம்மா?"

"படுது."

இடத்தை மாற்றினேன். "படுது." மூன்றாம் முறை இழை என் கையிலேயே இருந்தது, காலில் தொடவில்லை.

"படுது டொக்டர்."

இந்த இடத்தில்தான் மனம் நின்றுவிடுகிறது. தாதி என்று தெரிந்திருந்தால் "தெரியேல்லைப் பிள்ளை" என்று சொல்லியிருப்பாரோ? நான் இங்கே வெள்ளைச் சீருடையில் நின்ற காலத்தில், டொக்டர் கட்டிலைத் தாண்டிப் போன பிறகுதான் சனம் வாய் திறக்கும். குளிசையை வீசியது, பரியாரியிடம் போனது எல்லாம் எங்களுக்குத்தான் தெரியும். அந்த இடத்தை நானே விட்டுக்கொடுத்துவிட்டேன். சரி, தொடாமல் கேட்டுப் பார்ப்பதும் அந்தச் சோதனையில் உள்ளதுதான். எந்த ஊரிலும் ஆட்கள் இப்படிச் சொல்வார்கள் என்பதால் வந்த விதி அது. இதில் ஒரு சொல்லின் மேல் பழி போடுவானேன்? இப்படி நினைத்தால் ஆறுதலாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

பிறகு அவர் கேட்டார். "இந்தக் காலும் போயிடுமோ டொக்டர்?"

"போகாது அம்மா."

அமெரிக்காவில் என் வாயில் இது வராது. இரத்தோட்டம் பார்த்து, புண்ணின் ஆழம் பார்த்து, அப்புறமும் "இருந்து பார்ப்போம்" என்றுதான் சொல்வேன். அங்கே சில மாநிலங்களில், இந்தப் பட்டத்தை முடித்த தாதியே நோயாளர் முன்னால் தன்னை டொக்டர் என்று சொல்லிக்கொள்வதற்குக் கட்டுப்பாடு உண்டு. அதை எதிர்த்து வகுப்பில் நான்கு பக்கம் எழுதியவள் நான். இங்கே, பட்டம் பாதி வழியில் நிற்க, கேளாமலே கிடைத்த பெயரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நெல்லை எடுத்து மருந்து கட்டியது சிநேகிதி. ரவுண்ட் முடித்து வந்த டொக்டர், உண்மையான டொக்டர், கிளினிக் கொப்பியில் அன்டிபயோட்டிக் எழுதினார். எல்லாம் முடிந்து வெளியே வந்து, "ஏனடி அப்பிடிச் சொன்னனி?" என்று கேட்டேன்.

"செருப்பைப் பையுக்குள்ளை வைச்சுக்கொண்டு நடக்கிற மனிசி. இரண்டு வருசமா நான் சொல்லிக் கேட்டவவே? இப்ப பார்."

பார்த்தேன். அம்மா செருப்போடு கேற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

படிப்புக்காக வாராவாரம் எழுதும் அனுபவக் குறிப்பில் இதைச் சேர்க்கவில்லை. பயிற்சி மணித்தியாலத்தில் வராதது என்று எனக்கே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். இழையைச் சிநேகிதியிடமே விட்டு வந்திருந்தேன். போன மாதம் அவளிடமிருந்து செய்தி வந்தது: "அது வளைஞ்சபடியே நிக்குது. புதுசு அனுப்பேலுமோ?" பத்து இழை வாங்கி அனுப்பினேன். அந்தக் காலைப் பற்றி அவள் ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.