பள்ளி விடும் நேரத்தில் மாவு கிடையாது

காலை 6:45 முதல் 7:45 வரை, மதியம் 12:45 முதல் 2:15 வரை இட்லி மாவு வாங்க வராதீர்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். "ஏன் அக்கா, அந்த நேரம்தானே எங்களுக்குத் தோது?" என்று பதினேழு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் நாலறை வீடு எங்களுடையது. நாலாவது மாடி. அடுப்பங்கரை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துத் தொடக்கப்பள்ளியின் பின்கேட்டும், அங்கிருந்து எங்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டி வரும் நடைபாதையும், அது போய் முட்டும் சின்ன ரோடும் தெரியும். கிரைண்டரில் உளுந்தை வழித்துப் போட்டுக்கொண்டே அந்தப் பாதையில் எத்தனையோ பிள்ளைகள் வளர்வதைப் பார்த்திருக்கிறேன்.

மாவு விற்கத் தொடங்கியது 2020ல். கொரோனாவுக்காக எல்லாரையும் வீட்டோடு இருக்கச் சொன்ன சர்க்கிட் பிரேக்கர் சமயத்தில் வீட்டுக்காரரின் சம்பளம் பாதியாகிவிட்டது. அப்போது வீட்டிலிருந்து செய்யும் உணவுத் தொழிலையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். மே 12ஆம் தேதி மறுபடி அனுமதித்தார்கள். அந்தத் தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, முதல் நாள் ராத்திரியே அரிசி ஊறப்போட்டு வைத்திருந்தேன். நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். கும்பகோணத்தில் அம்மா பிடித்த அதே கணக்கு. ஊரில் மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் ஆகும் புளிப்பு இங்கே எட்டு மணி நேரத்தில் பொங்கி டப்பாவின் மூடியைத் தள்ளிவிடும். முதல் நாள் ஐந்து டப்பா. இப்போது வாரத்துக்கு முப்பது கிலோ. அதற்கு மேல் என்னால் முடியாது, செய்யவும் மாட்டேன்.

முதல் சிக்கல் சத்தத்தில் வந்தது. காலை ஐந்து மணிக்கு கிரைண்டரைப் போடுவேன். கீழ்வீட்டு மாச்சிக், மலாய்க்கார அம்மா, ஒருநாள் மின்தூக்கியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வீட்டில் இருந்து தினமும் காலையில் லாரி போகிறதா?" என்று கேட்டார். கோபமே இல்லை அவர் குரலில். எனக்குத்தான் முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அன்றே தடித்த ரப்பர் விரிப்பு வாங்கி கிரைண்டருக்கு அடியில் போட்டேன், நேரத்தையும் காலை ஒன்பதரைக்கு மாற்றினேன். அந்தக் கணக்கு அத்தோடு தீர்ந்தது. சத்தம் நம் வீட்டைத் தாண்டிப் போகிறது என்பது நமக்கே தெரிந்துவிடும். ரோட்டில் நம்மால் என்ன நடக்கிறது என்பது அப்படித் தெரிவதில்லை.

போன ஆண்டு ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மணி ஒன்று முப்பத்தைந்து. "கீழே இருக்கேன்கா, ரெண்டே நிமிஷம்" என்று செய்தி வந்தது. கார் கொண்டுவருபவர்களுக்கு நானே இறங்கிப்போய்க் கொடுப்பது வழக்கம். அவர்களுக்கு மேலே ஏறும் சிரமம் வேண்டாமே என்று நானாகச் செய்துவந்த உபகாரம். ஐந்து கிலோ மாவு, சிவப்புப் பையின் காது விரலை அறுத்தது. கார் நடைபாதை முடியும் இடத்தில், வண்டி நிறுத்தக் கூடாத இரட்டை மஞ்சள் கோட்டின்மேல் நின்றிருந்தது. நான் இடப்பக்க ஜன்னல் வழியாகப் பையை உள்ளே வைக்கிறேன். எதிர்ப்பக்கம் ஒரு பாட்டி குடையை ஆட்டி யாரையோ கூப்பிட்டார். நடைபாதையின் செடிவேலிக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் ஓடிவந்து அந்தக் காரின் மூக்கை ஒட்டி ரோட்டில் இறங்கினான். இரண்டாம் வகுப்பு இருக்கும். நின்ற காரைத் தாண்டி வந்த உணவு விநியோக மோட்டார்சைக்கிள்காரருக்கு அவன் தெரியவே இல்லை.

அவர் பிரேக் பிடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வண்டி சாய்ந்து, அவர் ஒரு காலை ஊன்றி நிறுத்தினார். பையன் பின்னால் துள்ளி, உட்கார்ந்த நிலையில் விழுந்தான். ஒன்றும் ஆகவில்லை. அவனுடைய நீலத் தண்ணீர்ப் புட்டி மட்டும் உருண்டு உருண்டு காருக்கு அடியில் போனது. நான்தான் மண்டியிட்டுக் கையை விட்டு எடுத்தேன். மூடி உடைந்திருந்தது. அதில் டைனோசர் ஸ்டிக்கர் ஒட்டி, கீழே கோணல்மாணலாகப் பெயர் எழுதியிருந்தது. தமிழ்ப் பெயர். பாட்டி ரோட்டைத் தாண்டி வந்து அவன் முதுகில் ஓர் அடி வைத்தார், பிறகு கட்டிக்கொண்டு அழுதார். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார் அங்கே நின்றது என் மாவுக்காக.

அன்று ராத்திரி வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) இணையத்தளத்தில் வீட்டுத் தொழில் விதிகளை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். வீட்டில் சிறிய அளவில் தொழில் செய்ய ஒரு திட்டம் இருக்கிறது. சமையல், கேக், தையல், முடிதிருத்தம், ஒரே நேரத்தில் மூன்று மாணவர்கள் வரைக்கும் டியூஷன், இவற்றுக்கெல்லாம் முன் அனுமதி வேண்டாம். வீட்டில் சமைத்து விற்க சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமமும் வேண்டாம். ஆனால் வீட்டில் வசிப்பவர்கள்தான் செய்ய வேண்டும், வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது, பணிப்பெண்ணை அதில் இறக்கக் கூடாது, வாசலில் பலகை மாட்டக் கூடாது. சத்தம், புகை, வாடை, வாகன நடமாட்டம் எதனாலும் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை வரக் கூடாது. இந்த வாகன நடமாட்டம் என்ற சொல்லை முன்பும் பார்த்திருப்பேன், கண் தாண்டிப் போயிருக்கும். லாரியில் சரக்கு இறக்குபவர்களுக்குச் சொன்னது என்று நினைத்திருப்பேன்.

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தையும் அப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்து, தீவின் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் இன்ன பயன் என்று நிறம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் புளோக் குடியிருப்பு நிறத்தில், பள்ளி கல்விக்கூட நிறத்தில், நடுவே மெல்லிய கோடாக அந்த ரோடு. குடியிருப்புக்குப் போட்ட ரோடு அது. கடைத்தெருவுக்கு வரும் வண்டிகளை யாரும் அதில் எண்ணியிருக்க மாட்டார்கள். நானோ பள்ளி விடும் நேரத்தில் அங்கே ஒரு கடைவாசலைத் திறந்து வைத்திருந்தேன்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "உங்க வார்டு கவுன்சிலரைப் போய்ப் பாரேன்டி" என்றார். ஊரில் ரோடு, சாக்கடை, தெருவிளக்கு, கடை உரிமம் எல்லாம் நகராட்சிதான். இங்கே நகர மன்றம் என்று பெயர் இருந்தாலும் வேலை வேறு. 1986ல் அங் மோ கியோ வட்டாரத்தில் சோதனையாகத் தொடங்கி, 1988ல் சட்டமாக்கிய ஏற்பாடு. நாடாளுமன்ற உறுப்பினர்கள் பொறுப்பில் இயங்குகிறது. மாதாமாதம் நாம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்தில் மின்தூக்கி, தாழ்வாரம், கீழ்த்தளம், செடிகொடி இவற்றைப் பார்த்துக்கொள்ளும். கார் நிறுத்துமிடம் வீவகவினுடையது. ரோடு, மஞ்சள் கோடு, ஸீப்ரா கிராசிங் நிலப் போக்குவரத்து ஆணையத்தினுடையது. வேகமாக ஓட்டுபவரைப் பிடிப்பது போக்குவரத்துக் காவல்துறை. கேட்டுக்கு உள்ளே பள்ளி. என் வீட்டு வாசலிலிருந்து அந்தப் பையன் விழுந்த இடம் நாற்பது அடிகூட இருக்காது, அதற்குள் இத்தனை எல்லை.

இதை 2014 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கே சொல்லியிருக்கிறார். நடைபாதையில் கிடந்த ஒரு மீன் உருண்டைக் குச்சியை வைத்து, ஓர் இடத்தைச் சுத்தமாக வைக்க எத்தனை அமைப்புகள் சேர வேண்டியிருக்கிறது என்று விளக்கினார். அதையொட்டித்தான் நகராட்சிச் சேவைகளை ஒருங்கிணைக்க ஓர் அலுவலகம் வந்தது, பிறகு ஒன்சர்விஸ் செயலி வந்தது. நாம் படம் எடுத்துப் போட்டால் போதும், யாருக்குப் போக வேண்டுமோ அவர்களுக்குப் போய்விடும். நான் அதில்தான் போட்டேன். ஆனால் என்ன படம் எடுப்பது என்று முதலில் நான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இரண்டு நாள் ஜன்னலில் நின்று பார்த்தேன். பிள்ளைகள் திடீரென்று முளைத்ததுபோல் ரோட்டில் தெரிந்தார்கள். காரணம் புரியவில்லை. மூன்றாம் நாள் என் சின்னவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன், ஒன்றாம் வகுப்பு, உயரம் 118 செண்டிமீட்டர். நடைபாதை முனையில் செடிவேலிக்குப் பின்னால் அவளை நிற்கச் சொல்லிவிட்டு ரோட்டோரம் போய்த் திரும்பினேன். பிள்ளையைக் காணோம். "அம்மா, இங்கதான் இருக்கேன்" என்று குரல் மட்டும் வந்தது. தையல் டேப்பை வைத்து அளந்தேன். வேலி 130 செண்டிமீட்டர். என் தோள் அளவுக்குத்தான் நின்றது, அதற்கு மேலே எனக்கு எல்லாம் தெரிந்ததால் இத்தனை வருஷமும் அதை ஒரு தடையாகவே நான் நினைக்கவில்லை. அவள் தலைக்கு மேலே அரைச் சாண் அளவுக்கு இலை. உச்சியில் அவளுடைய ரிப்பன்கூடத் தெரியவில்லை.

அளவு டேப்போடு படம் எடுத்துப் போட்டேன். வேலி நகர மன்றத்தின் பொறுப்பு. மறு வாரமே ஆட்கள் வந்து முழங்கால் அளவுக்கு வெட்டிவிட்டார்கள். முனையில் ஆறடி நீளத்துக்கு வேரோடு எடுத்துப் புல் பதித்தார்கள். அன்று மதியம் ஜன்னலில் நின்றேன். பள்ளி விட்டது. ரோட்டுக்கு வருமுன்பே ஒவ்வொரு பிள்ளையும், பையும், தொப்பியும் தெரிந்தது. ஒரு வேன் ஓட்டுநர் தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பதைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

ரோட்டு விஷயம் அவ்வளவு சீக்கிரம் ஆகவில்லை. பள்ளியின் முன்வாசல் ரோட்டில், விளக்கு மின்னும்போது 40 கிலோமீட்டர் என்ற பலகை உண்டு. பின்கேட் ரோட்டில் இல்லை, அங்கே வழக்கமான 50 தான். 50ல் வரும் வண்டி ஒரு நொடியில் 14 மீட்டர் போகும், 40ல் வந்தால் 11. அந்த மூன்று மீட்டர் என் அடுப்பங்கரையின் நீளம். இதையெல்லாம் எழுதிக்கொண்டு, நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மக்களின் குறை கேட்கும் மக்கள் சந்திப்புக்குப் போனேன். வரிசை எண் 23. ஒன்பது மணிக்கு மேல்தான் கூப்பிட்டார்கள். தொண்டூழியராக இருந்த ஒரு தமிழ்ப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் படிக்கிறானாம், நான் தமிழில் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் கடிதமாகத் தட்டினான். நாடாளுமன்ற உறுப்பினர் கையெழுத்திட்டு அனுப்பினார். ஆய்வு செய்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. பள்ளி விடும் நேரத்தில் இரண்டு அதிகாரிகள் வந்து நின்று குறிப்பெடுத்ததையும் பார்த்தேன். நான் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆனால் அவர்கள் ரோட்டை மாற்றும்வரை நான் காத்திருக்க வேண்டியதில்லையே. என் பக்கத்தை அன்றே மாற்றினேன். இறங்கிப்போய்க் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். கொஞ்ச நாள் கீழ்த்தளத்துக் கல்மேசையில் டப்பாக்களை வைத்துக் கொடுக்கலாமா என்றும் யோசித்தேன். கீழ்த்தளம் எல்லாருக்கும் பொது, அங்கே கடை போடக் கூடாது, அது சரியும்கூட. தாழ்வாரத்திலும் எதையும் அடுக்குவதில்லை, தீயணைப்புக்காக 1.2 மீட்டர் வழி விட வேண்டும்.

இந்தத் தொழில் செய்யும் மற்ற பெண்களிடம் பேசும்போது, "யார் வந்து பார்க்கப் போறாங்க?" என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. அனுமதி வாங்கு, பணம் கட்டு, வரிசையில் நில் என்று ஒன்றும் சொல்லாமல் நம்மை நம்பி விட்டிருக்கிறார்கள். என்னைப் போல் சின்னப் பிள்ளையோடு வெளியே வேலைக்குப் போக முடியாத எத்தனையோ பேருக்கு அடுப்பெரிவது அந்த நம்பிக்கையில்தான். ஒரு பேட்டையில் நாலு வீட்டு வாசலில் வண்டி மறித்து நின்றால், புகார் போகும், விதி இறுகும், அப்புறம் ஐந்து டப்பாவோடு தொடங்கப்போகிற ஒருத்திக்குக் கதவு சாத்திவிடும். வாடிக்கை குறையும் என்று பயமாகத்தான் இருந்தது. நாலு பேர் போனார்கள். மற்றவர்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

ஆகவே, இனி இப்படித்தான்: செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மாலை 3 முதல் 6 வரை மாவு. நாலாவது மாடிக்கு வாருங்கள், கதவு திறந்திருக்கும். காரில் வருபவர்கள் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். அரை மணி நேரத்துக்கு 60 காசு. அந்த 60 காசை மாவு விலையில் நான் கழித்துக்கொள்கிறேன். உள்ளே 15 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள், அங்கேயும் பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள். டப்பாவைத் திருப்பிக் கொண்டுவருபவர்கள் கழுவி, ஈரம் போக உலர்த்திக் கொண்டுவாருங்கள்.